ஒரே விசையில் ஒலித்தொகுப்பு: வாசகர் கேள்வி–பதில்

இம்மாதம் ஒலித்தொகுப்பைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன: செய்த விசையழுத்தத்தையே நாள் முழுவதும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஒலிநூல்களைத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில், ரீப்பர் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். வாசிப்பவர் ஒரு வாக்கியத்தில் தடுமாறினால் அதே வாக்கியத்தை முதலிலிருந்து மீண்டும் வாசிப்பார். தவறிய பகுதியைத் தேர்ந்தெடுத்து, நீக்கி, பின்பகுதியை முன்னே இழுத்து, கர்சரைச் சற்றுப் பின்னால் வைத்து, ஓடவிட்டுக் கேட்க வேண்டும். ஒரு நாளில் இது நூறு முறைக்கு மேல் வருகிறது. மாலையில் மணிக்கட்டு வலிக்கிறது. இவற்றை ஒரே விசையில் அடக்க முடியுமா? எனக்கு நிரல் எழுதத் தெரியாது. (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: முடியும். ஒரு வரி நிரல்கூட எழுதாமல் இன்றே தொடங்கிவிடலாம்.

ரீப்பரில் பிரிப்பது, நீக்குவது, கர்சரை நகர்த்துவது, ஓடவிடுவது என நாம் செய்யும் எந்த வேலைக்கும் 'ஆக்‌ஷன்' என்று பெயர். ஒவ்வோர் ஆக்‌ஷனுக்கும் ஓர் எண் உண்டு. கேள்விக்குறி விசையை அழுத்தினால் அவற்றின் பட்டியல் திறக்கும். எஸ் விசையை அழுத்தும்போது ஒலித்துண்டு கர்சர் நிற்கும் இடத்தில் இரண்டாகப் பிரிகிறதல்லவா, அது 40012 என்ற எண்ணுள்ள ஆக்‌ஷன். எஸ் விசை அதை அழைக்கும் பல வழிகளில் ஒன்று மட்டுமே; வேறு விசையாலும் அழைக்கலாம், வேறொரு ஆக்‌ஷனுக்குள் வைத்தும் அழைக்கலாம். இந்த ஓர் உண்மை மனத்தில் பதிந்துவிட்டால் மற்றவை எல்லாம் எளிது.

அந்தப் பட்டியலிலேயே 'நியூ கஸ்டம் ஆக்‌ஷன்' என்ற வசதி இருக்கிறது. அதைத் திறந்து நான்கு ஆக்‌ஷன்களை இந்த வரிசையில் சேருங்கள். முதலில் நேரத்தேர்வின் (மவுஸால் இழுத்துக் குறித்த பகுதியின்) தொடக்கத்துக்குக் கர்சரைக் கொண்டுபோவது, அடுத்து நேரத்தேர்வுக்குள் உள்ளதை நீக்கிப் பின்னால் உள்ளவற்றை முன்னே நகர்த்துவது, இதன் எண் 40201, பிறகு கர்சரை ஒரு மெஷர் பின்னால் நகர்த்துவது, கடைசியாக ஓடவிடுவது. இசைக்குரிய 'மெஷர்' பேச்சுப் பதிவில் எதற்கு என்று தோன்றலாம். புதிய புராஜெக்ட் நிமிடத்துக்கு 120 தட்டு, மெஷருக்கு நான்கு தட்டு என்ற அளவில்தான் திறக்கும். அந்தக் கணக்கில் ஒரு மெஷர் சரியாக 2 விநாடி. வெட்டிய இடம் ஒட்டியிருக்கிறதா என்று காதால் அறிய அந்த 2 விநாடி முன்னோட்டம் போதும். அதே பெட்டியில் அன்டூ படிகளை ஒன்றாகச் சேர்க்கும் தேர்வையும் குறித்துவிடுங்கள்; இல்லாவிட்டால் ஒரு தவறான வெட்டைத் திரும்பப் பெறப் பலமுறை அன்டூ செய்ய நேரும். இந்தக் கஸ்டம் ஆக்‌ஷனுக்கு இடது கைக்கு எட்டும் ஒரு விசையைக் கொடுத்துவிட்டால், தவறிய பகுதியை மவுஸால் இழுத்துக் குறித்து அந்த விசையைத் தட்டுவது மட்டுமே உங்கள் வேலை.

இரண்டு எச்சரிக்கைகள். 40201 எல்லா டிராக்குகளையும் சேர்த்தே வெட்டும். பின்னணி இசையை முன்கூட்டியே அடுக்கி வைத்திருந்தால் அதுவும் துண்டாகும். ஆகவே பேச்சைத் தொகுத்து முடித்த பிறகே இசையைச் சேருங்கள். மற்றொன்று, எந்த இடத்தில் வெட்டுவது என்ற முடிவை எந்த நிரலிடமும் ஒப்படைக்காதீர்கள். 'பகல்' என்று தொடங்கும் வாக்கியத்தில் ப-வின் வெடிப்புக்கு முன் உதடு மூடியிருக்கும் ஒரு சிறு மௌனம் இருக்கும். அந்த மௌனத்துக்குள் வெட்டினால் ஒட்டு தெரியவே தெரியாது. 'மழை' என்று தொடங்கினாலோ, உதடு திறக்கும் முன்பே மூக்கொலி தொடங்கிவிடுகிறது. அங்கே இன்னும் சற்று முன்னால் வெட்டாவிட்டால் ம-வின் தலை கொய்யப்பட்டுவிடும். அலைவடிவத்தில் அந்த மெல்லிய தொடக்கம் கண்ணுக்கு எளிதில் தென்படாது. அதைக் கண்டுகொள்வது உங்கள் காதின் பயிற்சி. விசை அந்தக் காதுக்கு நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கிறது.

கஸ்டம் ஆக்‌ஷன் சொன்னதை வரிசையாகச் செய்யுமே தவிர, செய்யும் முன் நிலைமையைப் பார்க்காது. தவறுதலாக ஐந்து நிமிடப் பகுதியைத் தேர்ந்தெடுத்து விசையைத் தட்டினால் ஐந்து நிமிடத்தையும் நீக்கிவிடும். அந்த இடத்தில்தான் ஸ்கிரிப்ட் எனப்படும் சிறு நிரல் தேவைப்படுகிறது. ரீப்பர் தனக்குள்ளேயே லுவா, ஈஈஎல், பைத்தான் ஆகிய மூன்று மொழிகளில் எழுதிய ஸ்கிரிப்டுகளை இயக்கும். பைத்தானைக் கணினியில் தனியாக நிறுவ வேண்டும். லுவாவுக்கு எதுவும் நிறுவ வேண்டியதில்லை என்பதால் புதியவர்களுக்கு நான் லுவாவையே சொல்வேன். 1993-இல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த சிறிய, தெளிவான மொழி அது. போர்த்துகீசிய மொழியில் அந்தப் பெயருக்கு நிலா என்று பொருள்.

உங்கள் வேலைக்கான லுவா ஸ்கிரிப்ட் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழிலேயே முதலில் எழுதிப் பாருங்கள். தவறிய வாக்கியத்தின் தொடக்கத்தில் எம் விசையால் ஒரு மார்க்கர், அதாவது இடக்குறி, வைப்பேன். சரியான வாசிப்பின் தொடக்கத்தில் கர்சரை வைத்து, ஸ்கிரிப்டுக்கென்று ஒதுக்கிய விசையைத் தட்டுவேன். ஸ்கிரிப்ட் கர்சரின் இடத்தைக் கேட்டு அறிய வேண்டும். அதற்கு முன்னால் உள்ள கடைசி மார்க்கரைத் தேட வேண்டும். மார்க்கர் இல்லையென்றால் எதையும் தொடாமல் நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடையே 30 விநாடிக்கு மேல் இருந்தால் வெட்டாமல் 'இது சரிதானா' என்று ஒரு பெட்டியில் கேட்க வேண்டும். சரியென்றால் அந்தப் பகுதியை நேரத்தேர்வாக்கி 40201-ஐ அழைக்க வேண்டும். பிறகு மார்க்கரை அகற்றி, 2 விநாடி பின்னால் சென்று ஓடவிட வேண்டும். இதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ரீப்பரில் ஓர் ஆயத்த ஃபங்ஷன் இருக்கிறது. முழு ஸ்கிரிப்டும் ஏறத்தாழ இருபது வரிக்குள் அடங்கும். தொடக்கத்திலும் முடிவிலும் 'அன்டூ பிளாக்' தொடங்குவதற்கும் முடிப்பதற்குமான இரண்டு வரிகளை மறக்க வேண்டாம். நிரல் எழுதும் நண்பர் யாரிடமாவது மேலே உள்ள பத்தியைக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் எழுதித் தந்துவிடுவார். அதை அவர் எழுதும்போது அருகில் அமர்ந்து பாருங்கள், அடுத்ததை நீங்களே எழுதுவீர்கள்.

கேள்வி: விண்டோஸில் ஆட்டோஹாட்கீ கொண்டு நான்கைந்து விசைகளை வரிசையாக அழுத்தும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். காலையில் ஒழுங்காக வேலை செய்கிறது. புராஜெக்ட் பெரிதான பிறகு தவறான இடத்தில் வெட்டுகிறது, சில சமயம் ஒன்றுமே செய்வதில்லை. விசைகளுக்கு இடையே 200 மில்லி விநாடி இடைவெளியும் விட்டிருக்கிறேன். எங்கே பிழை? (திருச்சி வாசகர்)

பதில்: உங்கள் நிரலில் எழுத்துப்பிழை இருப்பதாகத் தோன்றவில்லை, அணுகுமுறையில்தான் குறை. ஆட்டோஹாட்கீ 2003 முதல் இருந்துவரும் நல்ல கருவி; நானும் நெடுநாள் அதைக் கொண்டே வேலை செய்திருக்கிறேன். ஆனால் இப்படி எழுதிய ஸ்கிரிப்ட், கண்ணைக் கட்டிக்கொண்டு விசைப்பலகையைத் தட்டும் ஒருவருக்குச் சமம். மென்பொருள் முந்தைய விசைக்குரிய வேலையை முடித்துவிட்டதா, எந்தச் சாளரம் முன்னால் இருக்கிறது, நடுவில் ஏதேனும் பெட்டி திறந்து கேள்வி கேட்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. காலையில் புராஜெக்ட் சிறியது, 200 மில்லி விநாடி போதுமானது. மாலையில் டிராக்குகளும் பிளக்-இன்களும் பெருகிவிட்ட நிலையில் ஒரு வேலைக்கு 350 மில்லி விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்சர் நகர்ந்து முடியும் முன்பே வெட்டும் விசை போய்ச் சேர்கிறது. இடைவெளியை 500 ஆக்கினால் இன்று சரியாகும்; இன்னும் பெரிய புராஜெக்டில் மறுபடி தவறும்.

ஒன்றுமே நடக்காத சமயங்களுக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் இருக்கும். ஈக்வலைசர் போன்ற ஒரு பிளக்-இன் சாளரம் திறந்திருந்து விசைகளை அது வாங்கிக்கொள்கிறது. அல்லது ஸ்கிரிப்டைத் தூண்டிய கன்ட்ரோல் விசையை உங்கள் விரல் இன்னும் விடாமல் அழுத்திக்கொண்டிருப்பதால் அடுத்த எழுத்து வேறொரு கட்டளையாகிவிடுகிறது. அல்லது ஒலித்தொகுப்பு மென்பொருளை 'அட்மினிஸ்ட்ரேட்டர்' உரிமையுடன் திறந்துவிட்டு ஸ்கிரிப்டைச் சாதாரண உரிமையுடன் ஓடவிட்டிருக்கிறீர்கள். மூன்றாவது நிலையில் விண்டோஸே பாதுகாப்புக் கருதி அந்த விசைகளைத் தடுத்துவிடும்.

உடனடி மருந்து இது: குறிப்பிட்ட மென்பொருளின் சாளரம் முன்னால் இருந்தால் மட்டுமே ஸ்கிரிப்ட் இயங்கும்படி நிபந்தனை வையுங்கள், தூண்டிய விசை விடுபடும்வரை 'கீவெயிட்' கட்டளையால் காத்திருக்கச் செய்யுங்கள், ஒரு பெட்டி திறக்க வேண்டிய இடத்தில் கண்மூடித்தனமான இடைவெளிக்குப் பதிலாக, அந்தப் பெட்டி உண்மையில் முன்னால் வரும்வரை காத்திருக்கும் 'வின்வெயிட்ஆக்டிவ்' கட்டளையைப் பயன்படுத்துங்கள், குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் ஸ்கிரிப்ட் நின்றுவிட வேண்டும். நிரந்தர மருந்து, முந்தைய பதிலில் சொன்னதுதான். மென்பொருளுக்குள்ளேயே ஸ்கிரிப்ட் வசதி இருந்தால் விசையைப் போலியாக அழுத்துவதை விட்டுவிட்டு, கட்டளையை அதன் எண்ணால் அல்லது பெயரால் நேராக அழையுங்கள். அப்போது முதல் வேலை முடிந்த பிறகே இரண்டாவது தொடங்கும். இடைவெளிக் கணக்கே தேவைப்படாது. ரீப்பருக்கு மட்டுமல்ல, ஆர்டர் என்ற கட்டற்ற மென்பொருளிலும் 2016-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து லுவா ஸ்கிரிப்டுகளை உள்ளேயே இயக்கி விசைகளோடு இணைக்கலாம்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஒலிநூலின் முப்பதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களை இரவோடு இரவாக ரெண்டர் செய்ய, அதாவது இறுதி ஒலிக்கோப்புகளாக எழுத, இதே போன்ற விசை ஸ்கிரிப்டை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். கோப்புப் பெயரை மாற்ற வேண்டிய பெட்டி ஓரிடத்தில் தாமதமாகத் திறந்திருக்கிறது. பெயர் எங்கோ விழுந்துவிட்டது. அதன் பிறகு 'இதே பெயரில் கோப்பு இருக்கிறது, மேலெழுதலாமா' என்று மென்பொருள் கேட்டபோதெல்லாம் ஸ்கிரிப்ட் என்டர் விசையை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் வந்து பார்த்தால் இருந்தது ஒரே ஒரு கோப்பு. அதில் கடைசி அத்தியாயம். மூலப் பதிவு பத்திரமாக இருந்ததால் ஒரு நாள் உழைப்போடு போயிற்று. அந்த வேலைக்கு ஸ்கிரிப்டே தேவையில்லை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்: ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு ரீஜன் (தொடக்கமும் முடிவும் குறித்த பகுதி) ஆக்கி அதற்குப் பெயரிட்டு, ரெண்டர் பெட்டியில் கோப்புப் பெயருக்கான இடத்தில் ரீஜன் பெயரைக் குறிக்கும் அடையாளத்தை இட்டால், ரீப்பர் தானாகவே எல்லாவற்றையும் தனித்தனிப் பெயரில் எழுதித் தருகிறது. அன்றிலிருந்து எந்த ஸ்கிரிப்டையும் எழுதும் முன் ஆக்‌ஷன் பட்டியலையும் பயனர் கையேட்டையும் ஒரு முறை தேடிப் பார்த்துவிடுகிறேன்.

கேள்வி: தமிழில் மார்க்கர்களுக்குப் பெயர் எழுதத் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறுகிறேன். அதன் பிறகு எஸ், எம் போன்ற ஒற்றை எழுத்துக் குறுக்குவிசைகள் வேலை செய்வதில்லை. (மதுரை வாசகர்)

பதில்: கீமேன், இ-கலப்பை போன்ற தட்டச்சுக் கருவிகள் விசையழுத்தத்தை வழியிலேயே பிடித்து, அதற்குப் பதிலாகத் தமிழ் எழுத்தை அனுப்புகின்றன. ஒலித்தொகுப்பு மென்பொருள் எஸ் வரும் என்று காத்திருக்க, அதனிடம் வந்து சேர்வது 'இ' என்ற உயிரெழுத்து. மொழியை மாற்றும் விசையைப் பெயர் எழுதி முடித்த கையோடு மறுபடி தட்டும் பழக்கம் ஒரு தீர்வு. ஆனால் வேலை மும்முரத்தில் அது மறந்துபோகும். அடிக்கடி தேவைப்படும் கட்டளைகளை எழுத்து விசைகளுக்குப் பதிலாக எஃப் வரிசை விசைகளிலோ எண்பலகையிலோ வைத்துக்கொள்வது இன்னும் நல்ல தீர்வு, ஏனெனில் தமிழ்99 அவற்றைத் தொடுவதில்லை.

ஆட்டோஹாட்கீயில் தமிழ்ச் சொற்களையே தட்டச்சு செய்ய வைக்கவும் முடியும்: 'ரீடேக்', 'இருமல்', 'பக்க ஒலி' என்று மூன்று விசைகளுக்கு மூன்று குறிப்புகளை வைத்துக்கொண்டால் விசைப்பலகை மாற்றமே தேவையில்லை. ஸ்கிரிப்ட் கோப்பை யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும். பழைய முதல் பதிப்பில் பாம் எனப்படும் தொடக்கக் குறியுடன் சேமிக்காவிட்டால் தமிழ் சிதைந்துவிடும். இரண்டாம் பதிப்பில் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தில் அறுபது பழைய ஒலிநாடாக்களை ஆடாசிட்டி மென்பொருளில் பதிவு செய்து வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றையும் திறந்து, அடியில் வரும் உறுமலைக் குறைத்து, ஒலியளவைச் சமப்படுத்தி, எம்பி3 ஆக்க வேண்டும். அறுபது முறை செய்யத்தான் வேண்டுமா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: வேண்டாம். ஆடாசிட்டியில் 'மேக்ரோ' என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. முன்பு இதை 'செயின்' என்று அழைத்தார்கள். டூல்ஸ் பட்டியலில் மேக்ரோ மேனேஜரைத் திறந்து மூன்று படிகளைச் சேருங்கள்: 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைக்கும் ஹை-பாஸ் ஃபில்டர், ஒலியளவைச் சமன்செய்யும் லவுட்னஸ் நார்மலைசேஷன், இறுதியில் எம்பி3 ஏற்றுமதி. பிறகு 'கோப்புகளுக்குச் செயல்படுத்து' என்பதைத் தேர்ந்து அறுபதையும் ஒன்றாகக் கொடுத்துவிடலாம். முடிந்த கோப்புகள் தனி அடைவில் சேரும். மூலங்கள் அப்படியே இருக்கும். விருப்பத்தேர்வுகளில் அந்த மேக்ரோவுக்கு ஒரு குறுக்குவிசையும் வைக்கலாம். முதலில் மூன்று கோப்புகளில் மட்டும் ஓட்டி, ஹெட்போனில் முழுவதும் கேட்டபின் மற்றவற்றுக்குப் போங்கள்.

இரைச்சல் நீக்கத்தை மட்டும் மேக்ரோவுக்குள் வைக்காதீர்கள். அந்த வசதி ஓர் இடத்தில் எடுத்த இரைச்சல் மாதிரியை வைத்துக்கொண்டே எல்லாக் கோப்பிலும் வேலை செய்யும். ஒவ்வொரு நாடாவின் இரைச்சலும் வேறு. ஒன்றின் மாதிரியால் இன்னொன்றைத் துடைத்தால் குரலின் உயிரே போய்விடும். நூலகத்து நாடாக்களில் இருப்பவை இனி ஒருபோதும் திரும்பப் பதிவு செய்ய முடியாத குரல்கள்; சிறிது இரைச்சலோடு இருப்பதே மேல்.

பைத்தான் தெரிந்தவர் யாரேனும் உங்களோடு இருந்தால், ஆடாசிட்டிக்கு வெளியிலிருந்து கட்டளை அனுப்ப 'மாட்-ஸ்கிரிப்ட்-பைப்' என்ற மாட்யூல் உண்டு. அதை விருப்பத்தேர்வுகளில் இயக்கிவிட்டு மென்பொருளை ஒரு முறை மூடித் திறக்க வேண்டும். பிற நிரல்களுக்குக் கதவைத் திறந்துவிடும் வசதி என்பதால் வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: மேக் கணினியில் புரோ டூல்ஸ் மென்பொருளில் ஒலித்தொகுப்பு செய்கிறேன். அங்கே என்ன வழி? (சென்னை வாசகர்)

பதில்: விசைகளைத் தானாக இயக்கும் கீபோர்டு மேஸ்ட்ரோ என்ற கருவி பொதுவான வேலைகளுக்குப் போதும். புரோ டூல்ஸுக்கென்றே வளர்ந்த சவுண்ட்ஃப்ளோவில் ஜாவாஸ்கிரிப்டில் எழுதலாம். 2022-ஆம் ஆண்டின் இறுதியில் புரோ டூல்ஸுக்கே வெளியிலிருந்து கட்டளையிடும் ஸ்கிரிப்ட் இடைமுகத்தை அதை உருவாக்கும் அவிட் நிறுவனம் கொண்டுவந்தது. விசைகளைப் போலியாக அழுத்தும் ஸ்கிரிப்டைவிட அந்த வழியாக வருவதையே நம்புங்கள்.

கேள்வி: எனக்குப் பார்வை இல்லை. என்விடிஏ திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறேன். வானொலி நாடகங்களைத் தொகுக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். மவுஸ் இல்லாமல் ரீப்பரை இயக்க முடியுமா? ஸ்கிரிப்டுகள் எனக்குப் பயன்படுமா? (சேலம் வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மேலே சொன்னவை எல்லாவற்றையும் மற்றவர்களைவிட நீங்கள் முழுமையாகப் பயன்படுத்த முடியும் என்பதே. ரீப்பருக்காக 'ஒசாரா' என்ற இலவச நீட்சி இருக்கிறது. என்விடிஏவை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜேம்ஸ் டே தொடங்கிய திட்டம் அது. அதை நிறுவிவிட்டால் எந்த டிராக்கில் இருக்கிறீர்கள், கர்சர் எந்த விநாடியில் நிற்கிறது, என்ன நீக்கப்பட்டது என்பதையெல்லாம் திரைவாசிப்பான் சொல்லும். எஃப்12 விசையை அழுத்தினால் குறுக்குவிசை உதவி தொடங்கும். அந்த நிலையில் எந்த விசையை அழுத்தினாலும் அது எந்த வேலைக்குரியது என்பதை மட்டும் சொல்லும், வேலையைச் செய்யாது. விசைகளை மனப்பாடம் செய்ய இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

ஸ்கிரிப்டுகளைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனியுங்கள். பார்வையுள்ளவர்கள் எழுதும் பல ஸ்கிரிப்டுகள் தாமே வரைந்த பொத்தான்களோடு ஒரு சாளரத்தைத் திறக்கும். அந்த வரைபடங்களைத் திரைவாசிப்பான் படிக்காது. சாளரம் எதையும் திறக்காமல் நேராக வேலை செய்யும் ஸ்கிரிப்டுகளைத் தேர்ந்தெடுங்கள். நீங்களே எழுதும்போது, ஒசாரா தரும் 'அவுட்புட் மெசேஜ்' என்ற ஃபங்ஷனை லுவாவிலிருந்து அழைத்தால், நீங்கள் கொடுக்கும் வாக்கியத்தைத் திரைவாசிப்பான் பேசும். கோவை வாசகிக்குச் சொன்ன ஸ்கிரிப்டின் முடிவில், எத்தனை விநாடி வெட்டப்பட்டது என்று சொல்லும் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் படிக்கும். எனவே அந்த வரியை 'நான்கு விநாடி நீக்கப்பட்டது' என்று தமிழிலேயே எழுதலாம். முதல் வாரம் ஸ்கிரிப்டைத் தொடாமல் பிரிப்பது, நீக்குவது, அன்டூ ஆகிய மூன்றை மட்டும் ஒரு பழைய பதிவின் நகலில் பழகுங்கள். அந்த மூன்றும் விரலுக்குப் பழகியபின் உங்களுக்கு எது திரும்பத் திரும்ப வருகிறது என்பதை எழுதி அனுப்புங்கள், அதற்கான ஸ்கிரிப்டை அடுத்த இதழில் வரிவரியாக விளக்குகிறோம்.